எந்த ஈயம்

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
ஈயம் பூசிய செம்புக் கம்பி, ஒரு முழம்.
அனுப்பியவர் தேவநாதன், மின்பிரிவு.

எந்த ஈயம் என்று எழுதவில்லை.
தமிழுக்கு இதில் கொஞ்சம் அசட்டை.
ரசம் வைக்கும் சொம்பும் ஈயம்,
செத்துப்போன பாட்டரிக்குள் இருப்பதும் ஈயம்.
வெள் என்றோ கார் என்றோ முன்னால் ஒட்டவேண்டும்.
அவசரத்தில் யாரும் ஒட்டுவதில்லை.

போனில் கேட்டேன்.
"ஈயம்னா ஈயம்தான் மேடம்.
உப்புக்காத்துல செம்பு பச்சை புடிச்சிரும், அதுக்குப் பூசுறது.
ரெண்டு மாசமா இந்த ரோல்தான் ஓடுது."
மேலுறையை எதில் உரிக்கிறீர்கள்?
சிரிப்புச் சத்தம்.
"பல்லு இருக்கே."

அதன்பிறகு அது வெறும் சாம்பிள் இல்லை.

வெட்டும்போதே கையுறையைத் துளைத்தது ஓர் இழை.
ஊசியை விட மோசம் இது,
ஊசிக்காவது தான் ஊசி என்று தெரியும்.
கழற்றி, கழுவி, புதிய கையுறை மாட்டி,
விழுந்த துணுக்குகளை ஊதாமல்
ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்.
ஊதினால் அது என் மூச்சுக்குள்தான் வந்து உட்காரும்.

புகைக்கூண்டுக்குள் பீக்கர்.
நைட்ரிக் அமிலம், கொஞ்சம் கொஞ்சமாக.
கம்பி முதலில் யோசித்தது.
பிறகு சீறியது.
செங்கல் நிறத்தில் புகை எழுந்து
மேலே விசிறியைத் தேடிப் போனது.

அப்போது கரண்ட் போனது.

சிப்காட்டில் மின்வெட்டுக்கு ஓர் ஓசை உண்டு:
எல்லா ஓசையும் நிற்கும் ஓசை.
விசிறி கடைசியாக இரண்டு சுற்று சுற்றியது.
கண்ணாடிக் கதவை அடிவரை இறக்கினேன்.
பீக்கரைக் காப்பாற்றக் கை போயிற்று,
இழுத்துக்கொண்டேன்.
வெளியே வந்து அறையைச் சாத்தினேன்.
தைரியம் என்று இதைச் சொல்லமுடியாது,
ஆனால் அந்தப் புகையின் குணம் எனக்குத் தெரியும்.
உடனே ஒன்றும் செய்யாது.
இருமல் கூட அடங்கிவிடும்.
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, விளக்கணைத்துப் படுத்தபிறகு
நடுராத்திரியில் நெஞ்சுக்குள் நீர் கோக்கும்.

தாழ்வாரத்தில் நின்றேன், பதினோரு நிமிடம்.
ஜெனரேட்டர் கலியவரதன் டார்ச்சோடு ஓடிவந்து
"உள்ள ஏதாவது இருக்கா" என்றார்.
ஒன்றும் இல்லை, ஒரு முழக் கம்பி என்றேன்.

வெளிச்சம் வந்தது. விசிறி வந்தது.
இன்னும் அரைமணி சும்மா இருந்தேன்.

உள்ளே நீலம். அவ்வளவு அழகாக இருக்க
அதற்கு எந்த அவசியமும் இல்லை.
அடியில் வெண்மை, சுண்ணாம்பு கரைத்த மாதிரி:
வெள்ளீயம் கரையாமல் அங்கேயே படுத்துவிட்டது.
நல்லது.
வடிகட்டி, தெளிந்த நீலத்தில் கந்தக அமிலம் விட்டு
வெண்புகை வரும்வரை சுண்டக் காய்ச்சி,
ஆறவிட்டுத் தண்ணீர் சேர்த்துக்
கறுப்புக் காகிதத்தின் முன் பிடித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை.
பிறகு மிக மெல்லிசாக,
புகைப்படத்தில் யாரோ மூச்சுவிட்டது போல,
இரண்டாவது வெண்மை.

காலையில் கருவி சொல்லும், எத்தனை சதவீதம் என்று.
இருக்கிறதா என்பதற்கு அதுவரை பொறுக்கவேண்டாம்.

மிச்ச நீலத்தைத் தொட்டியில் கவிழ்க்கலாம்.
யாரும் பார்க்கவில்லை.
இரவு செம்பில் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கிறோம்,
உடம்புக்கு நல்லதாம்.
இறால் குஞ்சிடம் யாரும் கேட்கவில்லை.
தொட்டியின் குழாய் போகும் வழி எனக்குத் தெரியாது,
உப்பனாறு போகும் வழி தெரியும்.
கழிவுக் கேனில் ஊற்றி மூடியைத் திருகினேன்.

அறிக்கையில் குறிப்புக்கு விட்ட கட்டம் ஒரு விரல் அகலம்.
அதற்கென்று ஒரு நடை இருக்கிறது,
தவிர்க்கப்பட வேண்டும், அறிவுறுத்தப்படுகிறது.
அந்த நடை தேவநாதன் வரை நடக்காது.

எழுதினேன்:
இது காரீயம் கலந்தது.
பல்லில் வைக்காதீர்கள்.
கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள்.

பிறகு போனை எடுத்தேன்.
மணி இரண்டே கால்.
மூன்றாவது அழைப்பில் எடுத்தார்,
வாயில் எதையோ கவ்விக்கொண்டு
"ம்?" என்றார்.